சாயம் போகுமா? – மூலக்கூற்றுக் கற்றையின் கதை

காதர்பேட்டையில் பனியன் எடுக்க வருகிறவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி: "சாயம் போகுமாங்க?"

கடைக்காரர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். வேதியியல் சொல்லும் பதில் வேறு. சாய மூலக்கூறு பருத்தி இழையை எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 1884ல் வந்த காங்கோ ரெட் போன்ற டைரக்ட் சாயங்கள் பருத்தியோடு ஒட்டிக்கொண்டிருப்பது பலவீனமான விசைகளால்தான். அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அலசினால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். 1956ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள் அப்படியில்லை. சோடா ஆஷ் போட்டதும் செல்லுலோஸோடு உண்மையான சகப்பிணைப்பையே ஏற்படுத்திக்கொள்ளும். இன்றைக்கு நம்ம ஊர் சாயப்பட்டறைகளில் பருத்திக்கு ஓடுவது பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ள உப்பு வேண்டும். டார்க் ஷேடு என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். அந்த உப்பு நொய்யலில் என்ன செய்தது என்பது தனிக்கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகப்பிணைப்பை எல்லோருக்கும் தெரியும், இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்வது. ஹைட்ரஜன் பிணைப்புதான் வழுக்கும் விஷயம். பருத்தி ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். அவை பக்கத்துச் சங்கிலியோடும் தண்ணீரோடும் ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டே இருக்கும். பனியன் வேர்வையை உறிஞ்சுவது அதனால்தான். நனைந்து கசங்கிய சட்டை அப்படியே காய்ந்தால் சுருக்கம் நின்றுவிடுவதும், அயர்ன் பாக்ஸில் ஆவி அடித்தால் போவதும் இதே பிணைப்பு அறுந்து மறுபடி சேர்வதால்தான். தண்ணீர் தண்ணீராக இருப்பதே இதனால்தான்.

இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு, "ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் இதுதான்" என்று உலக வேதியியலாளர்களின் அமைப்பான ஐயூபேக் இன்று செல்லுபடியாகும் வரையறையை வெளியிட்டது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2011ல். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் இளங்கண்ணன் அருணன். அவர் கையில் இருந்த கருவி மூலக்கூற்றுக் கற்றை. அந்தக் கருவி பிராங்க்ஃபர்ட்டில் தொடங்கி பெங்களூர் வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஆற்றல் மட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வீட்டு ஃபேன் ரெகுலேட்டரில் இரண்டு வகை உண்டு. புது வகையைத் திருகினால் வேகம் வழுவழு என்று ஏறும். பழைய பெட்டி ரெகுலேட்டர் டக் டக் என்று 1, 2, 3, 4, 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. மூலக்கூறுகள் எல்லாம் பழைய ரெகுலேட்டர் ஜாதி. சுழன்றாலும் அதிர்ந்தாலும் குறிப்பிட்ட படிகளில்தான் நிற்கும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, சரியாக அந்த அளவு அலையைத்தான் விழுங்கும் அல்லது உமிழும். சுழற்சிப் படிகளின் இடைவெளியை அளந்தால் அந்த மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறன் தெரிந்துவிடும். அதிலிருந்து எந்த அணு எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். தராசும் இல்லாமல் ஸ்கேலும் இல்லாமல், ராட்டினம் சுற்றுவதைப் பார்த்தே அதில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரி.

மூலக்கூறின் படிகளைப் படிப்பதில் நம்ம ஆட்களுக்கு முன்பே பங்கு உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனும் 1928ல் கல்கத்தாவில் கண்டது அதுதான். சிதறி வரும் ஒளியின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அந்த மாற்றமே மூலக்கூறின் அதிர்வுப் படியின் உயரம். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பார்த்தது திரவங்களை. திரவத்தில் ஒரு மூலக்கூறு தனியாக இருக்கவே முடியாது. சுற்றிலும் கூட்டம், இடி, தள்ளுமுள்ளு. சாதாரண அழுத்தத்தில் இருக்கும் வாயுவிலேயே ஒரு மூலக்கூறு நொடிக்கு நூறு கோடி தடவைக்கு மேல் மோதுகிறது. இந்த நெரிசலில், "இந்த மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, சும்மா இடித்துக்கொண்டு நிற்கிறதா?" என்று எப்படித் தெரியும்? தீபாவளிக்கு முந்தின நாள் பழைய பஸ் ஸ்டாண்டில் பக்கம் பக்கமாக நிற்கிற இருவரைப் பார்த்து, இவர்கள் புருஷன் பெண்சாதியா, வழிப்போக்கர்களா என்று சொல்ல முடியுமா? கூட்டத்திலிருந்து வெளியே வரட்டும். அப்போதும் சேர்ந்தே நடந்தால் சொல்லலாம்.

கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவரும் வேலைதான் மூலக்கூற்றுக் கற்றை.

1911ல் பிரெஞ்சுக்காரர் லூயி டுனாயே சோடியத்தை வெற்றிடக் குழாயில் சூடாக்கி, ஆவியாகும் அணுக்கள் எதிலும் மோதாமல் நேர்கோட்டில் போகின்றன என்று காட்டினார். அவ்வளவுதான், எளிய சோதனை. அதைக் கருவியாக்கியவர் ஓட்டோ ஷ்டெர்ன். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, பிராங்க்ஃபர்ட்டில், வெள்ளி அணுக்களின் வேகத்தை 1920ல் அளந்தார். 1922ல் வால்ட்டர் கெர்லாக்கோடு சேர்ந்து செய்ததுதான் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருப்பது: வெள்ளிக் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியாக விட்டால் அது பட்டையாக விரியாமல் இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பெட்டி ரெகுலேட்டர் என்பதற்கு நேரடி சாட்சி. பிரிவு எவ்வளவு தெரியுமா? 0.2 மில்லிமீட்டர்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்துக்குக் காசில்லை. துறைத் தலைவர் மாக்ஸ் போர்ன் சார்பியல் பற்றிப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்தி, டிக்கெட் போட்டு வசூல் செய்து கொடுத்தார். நியூயார்க்கிலிருந்து ஹென்றி கோல்ட்மேன் என்ற வங்கியாளரும் டாலரில் உதவினார். ஐன்ஸ்டைன் பெயரைச் சொன்னால் ஹால் நிறைந்துவிடும் காலம் அது. குவாண்டம் இயற்பியலின் மிக முக்கியமான ஒரு சோதனை டிக்கெட் காசில் நடந்தது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் ஏன் சொல்வதில்லையோ!

இன்னொரு சுவாரசியமும் உண்டு. கண்ணாடித் தகட்டில் படிந்த வெள்ளி மிக மெல்லியது, முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. ஷ்டெர்ன் தகட்டைக் கையில் வாங்கி உற்றுப் பார்க்கப் பார்க்க, கறுப்புக் கோடு மெல்ல எழுந்ததாம். அவர் பிடித்தது மட்டமான சுருட்டு, அதில் கந்தகம் அதிகம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அலமாரியில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் இதே வேதியியல்தான். இந்தக் கதையை ஷ்டெர்ன் வாயாலேயே கேட்டவர், பிற்பாடு 1986ல் நோபல் பெற்ற டட்லி ஹெர்ஷ்பாக். அவரும் நண்பரும் இதைப் பின்னாளில் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூச்சுக் காற்று போதவில்லை, சுருட்டுப் புகையே நேராகப் பட வேண்டியிருந்தது. கந்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் மறுபடி வரும்.

ஷ்டெர்ன் 1923ல் ஹாம்பர்க் போனார். அங்கே வந்து கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் இசிடோர் ரபி. இவர் கைக்குழந்தையாக நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடுக்கு வந்து சேர்ந்த குடியேறிக் குடும்பத்துப் பையன். அந்தப் பகுதி அப்போது இன்றைய திருப்பூர் மாதிரி, தெருவுக்குத் தெரு தையல் கூடம். 1933ல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் யூதரான ஷ்டெர்ன் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனார். கற்றையின் தலைநகரமும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு, ரபியின் ஆய்வகத்துக்கு மாறியது.

ரபி 1937–38ல் செய்த தந்திரம் அழகானது. கற்றையின் பாதையில் இரண்டு காந்தங்கள். முதல் காந்தம் மூலக்கூறை ஒரு பக்கம் வளைக்கும், இரண்டாவது அதே அளவு எதிர்ப்பக்கம் வளைத்து உணர்கருவியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுவில் ஒரு ரேடியோ அலை. அலையின் அதிர்வெண் ஆற்றல் படியோடு சரியாகப் பொருந்தினால், மூலக்கூறு வேறு படிக்குத் தாவிவிடும். தாவியது இரண்டாவது காந்தத்தில் பழைய மாதிரி வளையாது, வழி தவறிவிடும். உணர்கருவியில் எண்ணிக்கை சட்டென்று குறையும். அந்தக் குறைவு எந்த அதிர்வெண்ணில் வருகிறதோ அதுவே படியின் உயரம். முதலில் லித்தியம் குளோரைடு போன்ற மூலக்கூறுகளில் செய்தார்கள். கற்றை எவ்வளவு வளைந்தது என்று ஸ்கேல் வைத்து அளக்கும் காலம் போய், ரேடியோ ட்யூன் செய்வதைப் போல ஆற்றலை அளக்கும் காலம் வந்தது. ஷ்டெர்னுக்கு 1943ம் ஆண்டுக்கான நோபலும் ரபிக்கு 1944ம் ஆண்டுக்கானதும் ஒரே சமயத்தில், 1944ல்தான் அறிவிக்கப்பட்டன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஜி.பி.எஸ். நம்பியிருக்கும் அணுக் கடிகாரமும் இந்தத் தந்திரத்தின் பேரப்பிள்ளைகள்.

இரண்டாம் உலகப் போர் ராடாரைக் கொடுத்தது. போர் முடிந்ததும் மைக்ரோவேவ் கருவிகள் மலிவாகக் கிடைத்தன, ராடார் வேலை பார்த்த இளைஞர்களும் கிடைத்தார்கள். மூலக்கூறுகளின் சுழற்சிப் படிகள் பல இந்த மைக்ரோவேவ் பகுதியில்தான் விழுகின்றன. 1954ல் அதே கொலம்பியாவில் சார்லஸ் டவுன்ஸும் மாணவர்களும் அமோனியா கற்றையில் மேல் படியில் உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்து மேசர் செய்தார்கள். லேசருக்கு அண்ணன் அது.

ஆனால் நம்ம கேள்விக்கு இது எதுவும் போதாது. நமக்கு வேண்டியது ஒற்றை மூலக்கூறு அல்ல, ஜோடி. இரண்டு தண்ணீர் மூலக்கூறு கைகோத்து நிற்கும் ஜோடி. அடுப்பில் சூடாக்கி ஓட்டை வழியாக விட்டால் அது பிய்ந்துவிடும். குளிர வைத்தால் உறைந்துவிடும். மோதாமலும் இருக்க வேண்டும், குளிர்ந்தும் இருக்க வேண்டும், வாயுவாகவும் இருக்க வேண்டும். எப்படி?

வழி சொன்னவர்கள் கான்ட்ரோவிட்ஸ், கிரே என்ற இருவர், 1951ல். வாயுவை அதிக அழுத்தத்தில் வைத்து, சின்னத் துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்ச வேண்டும். ஆர்கான் அல்லது ஹீலியம் பெரும்பங்கு, அதில் நமக்கு வேண்டிய வாயு சிட்டிகை அளவு. துளையை விட்டு வரும்போது எல்லா அணுவும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கும். ஆர்கானில் நொடிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல். எல்லோரும் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் ஓடினால் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள் இல்லையா? இடிக்கவில்லை என்றால் வெப்பம் இல்லை. வெப்பநிலை என்பதே ஒன்றோடொன்று ஒப்பிட்ட தாறுமாறான அசைவுதானே. அந்த ஓட்டத்துக்குள் வெப்பநிலை ஓரிரு கெல்வினுக்கு, அதாவது கழித்தல் 270 டிகிரிப் பக்கம், இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான படிகளில் சிதறிக் கிடந்த மூலக்கூறுகள் எல்லாம் கீழ்ப்படிகளுக்கு வந்து உட்கார்ந்துவிடும். துளைக்கு அருகில் கடைசியாக நடக்கும் மோதல்களில் இரண்டு மூலக்கூறு ஒட்டிக்கொண்டால், அப்புறம் அவற்றைப் பிரிக்க ஆளே இல்லை.

இந்த வழியில்தான் ஹார்வர்டில் கிளெம்பரர் குழு 1972ல் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஜோடியைப் படித்தது. 1977ல் டைக், மேக், மியூன்டர் என்ற மூவர், ரபியின் தந்திரத்தைக் காந்தப்புலத்துக்குப் பதில் மின்புலத்தில் செய்து, தண்ணீர் ஜோடியின் அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு தண்ணீர் தன் ஹைட்ரஜனை நீட்ட, மற்றது தன் ஆக்சிஜனால் வாங்கிக்கொள்கிறது. இரண்டு ஆக்சிஜனுக்கும் இடைவெளி 2.98 ஆங்ஸ்ட்ராம். (ஒரு மீட்டரை ஆயிரம் கோடி பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்.) கடலிலும் காவிரியிலும் நம்ம சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலும் இருக்கும் அந்தப் பிடியை, வேறு யாரும் குறுக்கே இல்லாமல் நெருங்கிப் பார்த்தது அப்போதுதான்.

அடுத்து இல்லினாய். 1979 முதல் 1981க்குள் பாலே, ஃபிளைகேர் இருவரும் கருவியை எளிமையாக்கினார்கள். பெரிய வெற்றிட அறைக்குள் எதிரெதிராக இரண்டு குழிந்த அலுமினியக் கண்ணாடிகள். நடுவில் வாயுவை ஒரு துடிப்பாகப் பீய்ச்சி, மைக்ரோவேவை ஒரு துடிப்பாக அடிக்க வேண்டும். கோயில் மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தால் மணி தானாக ஒலித்துக்கொண்டிருக்குமே, அப்படி மூலக்கூறுகள் தங்கள் சொந்த அதிர்வெண்ணில் கொஞ்ச நேரம் ஒலிக்கும். அதைப் பதிவு செய்து ஃபூரியே மாற்றம் போட்டால் கூர்மையான கோடுகள். ஃபிளைகேர் 1981லேயே, 44 வயதில் காலமானார். அந்தக் கருவியை எடுத்து ஓட்டியவர் அதே பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர் ஹெர்பர்ட் குடோவ்ஸ்கி. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுக்குச் சேர்ந்தவர்தான் அருணன். பென்சீனும் தண்ணீரும் சேர்ந்த ஜோடி, பென்சீனோடு பென்சீன் ஜோடி என்று 1993ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை.

1993ல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இதே மாதிரி ஒரு கருவியைத் தாங்களே கட்டினார்கள். காசு கொடுத்தால் பெட்டியில் வந்து இறங்கும் சாமான் இல்லை இது. வெற்றிட அறை, கண்ணாடிகள், பம்புகள், மைக்ரோவேவ் சுற்று, பதிவு செய்யும் மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாக வேண்டும். 2004ல் கருவியைப் பற்றிய கட்டுரை வந்தது. ஏறக்குறைய 2 முதல் 26 கிகாஹெர்ட்ஸ் வரை பாடும் கருவி. உங்கள் வீட்டு வைஃபை கூட இந்த எல்லைக்குள்தான் வருகிறது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். டிக்கெட் காசில் தொடங்கிய சோதனை, சொந்தமாக வெல்டிங் செய்த அறையாக நம்ம பக்கத்துக்கு வந்துவிட்டது. ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் போய் இறங்கிவிடும் தூரம்!

இப்போது கந்தகம் திரும்ப வருகிறது.

லைனஸ் பாலிங் 1939ல் எழுதிய வேதிப்பிணைப்பு பற்றிய புத்தகம் ஒரு தலைமுறைக்கே வேதம். ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஃபுளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற எலக்ட்ரான் ஆசை மிகுந்த அணுக்களின் சமாச்சாரம் என்பது அவர் வழி வந்த பாடம். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தண்ணீரின் தம்பி ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு. பனிக்கட்டியில் ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலே பேர், ஏனென்றால் பிணைப்புகள் திசை பார்த்து நிற்கின்றன. உறைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடில் பன்னிரண்டு பேர், பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவது மாதிரி உருண்டைகளாக அடுக்கிக் கிடக்கின்றன. ஆகவே அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, இது கழித்தல் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வாதம் கச்சிதம். நானும் பரீட்சையில் இதையே எழுதி மார்க் வாங்கியவன்தான்.

எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55ல் தோலில் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு மும்மடிச் சுருள் அமைப்பைச் சொன்னபோது, அதில் எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில் கிரிக், ரிச் ஆகியோரோடு பெரிய தகராறு. பிற்பாடு கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கூடப் பிணைப்பில் ஈடுபடலாம் என்று ராமச்சந்திரன் குழு எழுதியது. பலர் அதை அப்போது ஏற்கவில்லை.

அருணன் குழு கேட்ட கேள்வி எளிமையானது: பன்னிரண்டு பேர் நெருக்கும் கட்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கு இடையே பிடிப்பு இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? 2005ல் அவர்கள் இரண்டு ஆர்கானோடு ஒரு தண்ணீர், இரண்டு ஆர்கானோடு ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற சேர்க்கைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். 2009ல் கோஸ்வாமியும் அருணனும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றி ஒரு மூலக்கூற்றுக் கற்றை மைக்ரோவேவ்காரனின் பார்வை என்கிற பாணியில் இருக்கும். அதன் சாரம் இது. பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று மட்டும் பார்க்காதே. மூலக்கூறு சும்மா இருக்கும்போதும் விடாமல் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு, அதற்குப் பெயர் பூஜ்யப்புள்ளி ஆற்றல். ஹைட்ரஜன் திசை மாறிப் போகாமல் தடுக்கும் மேடு அந்த ஆட்டத்தைவிட உயரமா என்று பார். உயரம் என்றால் பிணைப்பு உண்டு. சூடேற்றினால் மேட்டைத் தாண்டிச் சுழல ஆரம்பித்துவிடும், அப்போது உருண்டை மாதிரிதான் தெரியும்.

2011 வரையறையில் பதினான்கு பேர் கையெழுத்து. அவர்களில் ஒருவர் கௌதம் தேசிராஜு, அவரும் அதே கழகத்துக்காரர். பெரிய மாற்றம் என்னவென்றால், இன்னின்ன அணுக்கள்தான் என்ற பட்டியல் போய்விட்டது. ஹைட்ரஜன் தன்னைவிட எலக்ட்ரான் ஆசை கூடிய ஓர் அணுவோடு ஒட்டியிருக்க வேண்டும், வேறொன்றோடு பிணைப்பு உண்டானதற்குச் சான்று வேண்டும். என்னென்ன சான்று என்று ஆறு அளவைகள்: கோணம் நேர்கோட்டுக்கு எவ்வளவு பக்கம், அகச்சிவப்பு நிறமாலை எப்படி நகர்கிறது என்று போகும். சாதிச் சான்றிதழ் கேட்பதை விட்டுவிட்டு, செய்த வேலையைக் காட்டு என்று கேட்கிற வரையறை.

அடுத்தது சான்று. 2013ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வதேகாவ்கர் குழு, ஜப்பான்காரர்களோடு சேர்ந்து, பீய்ச்சிக் குளிர்வித்த ஹைட்ரஜன் சல்ஃபைடு ஜோடியை அகச்சிவப்பில் படித்தது. 2018ல் அருணன் குழு, அமெரிக்காவின் லோவாஸ், இங்கிலாந்தின் வாக்கர் ஆகியோரோடு சேர்ந்து, சுழற்சி நிறமாலையிலிருந்தே அமைப்பை வெளியிட்டது. ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடு தன் ஹைட்ரஜனை நீட்டுகிறது, மற்றது கந்தகத்தால் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் ஜோடி நிற்கும் அதே கோலம். இடைவெளி மட்டும் பெரிது, சுமார் 4.1 ஆங்ஸ்ட்ராம். பிடிப்பும் தண்ணீரில் இருப்பதைவிட வெகு குறைவு. ஆனால் பிடிப்பு பிடிப்புதான். பாலிங் பார்த்த உண்மைகள் பொய்யில்லை, பன்னிரண்டு அண்டைவீட்டாரும் கழித்தல் 60 டிகிரியும் இன்றும் சரி. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவு மட்டும் நிற்கவில்லை.

சரி, நொய்யலுக்கு வருகிறேன். ஐயூபேக் வரையறை வந்த அதே 2011ல், ஜனவரி 28ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையில்தான் மறுபடி திறந்தார்கள். சாயத் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளி நல்ல நீரை எடுத்த பிறகு மிஞ்சுவது கெட்டியான உப்புத் தண்ணீர். அதை ஆவியாக்கித்தான் உப்பைப் பிரிக்க வேண்டும். சுத்திகரிப்புச் செலவில் கையைக் கடிப்பது இந்த இடம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போதும். வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் அந்தப் பிடி. நீராவியை ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குக் கொடுத்து எவ்வளவுதான் சிக்கனம் செய்தாலும், பாய்லரில் எரிகிற விறகும் நிலக்கரியும் ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்கத்தான் எரிகிறது.

தம்பி வாயுவும் ஊரில் உண்டு. சாயக்கழிவில் சல்ஃபேட் இருக்கிறது. காற்று புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். சாக்கடைத் தொட்டியிலும் செப்டிக் டேங்கிலும் இதே கதை. முப்பது டிகிரி வெயிலில் அந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து நிற்பதில்லை, அதனால் திரவமாகாமல் வாயுவாகவே கிடக்கிறது. காற்றைவிடக் கனம், ஆகவே தொட்டியின் அடியிலேயே தேங்கும். கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் முதலில் மரத்துப்போவது அந்த மூக்குதான். உள்ளே இறங்கியவருக்கு நாற்றம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும்.